பக்கத்துல வச்சுப் பாரு

எங்கள் இன்னிசைக் குழுவில் கீபோர்டு வாசித்த அக்காவோடு டீக்கடைக்குப் போனால் நிம்மதியாக ஒரு டீ குடித்துவிட்டு வர முடியாது. நீடாமங்கலம் கடைத்தெருவில் எதிரெதிரே இரண்டு கடைகள். இதில் ஒன்று, அதில் ஒன்று என்று வாங்கி வந்து இரண்டையும் என் முன்னால் வைப்பார். "இதுல ஒரு வாய், அதுல ஒரு வாய். எதுன்னு சொல்லு." ஒத்திகை முடிந்து எனக்குத் தொண்டை காய்ந்து கிடக்கும். வெந்நீர் கொடுத்தால்கூட அமிர்தமாக இறங்கும். ஏதோ ஒன்றைக் காட்டி, "இதுதான்க்கா" என்பேன். "ஏன்?" என்பார். டீயில் என்ன ஏன் வேண்டியிருக்கிறது? ஆனால் காரணம் சொல்லாமல் எழுந்திருக்க விடமாட்டார்.

தானாக எதையும் ஒசத்தி என்றோ மட்டம் என்றோ அவர் சொல்லிக் கேட்டவர்கள் இல்லை. யாராவது, "எங்க ஊரு தேங்கா மாதிரி வராது" என்று ஆரம்பித்தால் போதும், கையை உயர்த்தி நிறுத்திவிடுவார். "பக்கத்துல வச்சுப் பாரு. அப்பறம் பேசு." பேராவூரணிக்காரர் ஒருவர் அப்படி வாயை விட்டுவிட்டு, அடுத்த வாரம் மெனக்கெட்டு இரண்டு தேங்காய்களைத் தூக்கிக்கொண்டு வரவேண்டியதாயிற்று. அக்கா எங்கள் ஊர்த் தேங்காய் இரண்டை வாங்கி, நான்கையும் உடைத்து, குழு முழுவதற்கும் கீற்றுப் போட்டுக் கொடுத்தார். பேராவூரணிதான் ஜெயித்தது. வந்தவரைவிட அக்காவுக்குத்தான் அதில் சந்தோஷம்.

நான் அந்தக் குழுவில் பெண் குரல். வார நாட்களில் திருவாரூரில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. ஞாயிறும் முகூர்த்த நாளும் பாட்டு. அக்கா ஒரு மருந்துக்கடையில் கவுண்டருக்குப் பின்னால் நிற்பவர். அங்கேயும் இதே கதைதான். பெரிய கம்பெனி மாத்திரை கேட்டு வருபவரிடம் இன்னொரு அட்டையையும் பக்கத்தில் வைத்து, "பின்னால எழுதியிருக்கறதப் படிங்க. ரெண்டுலயும் ஒரே மருந்துதான்" என்பார். கடை முதலாளி பல்லைக் கடிப்பார். ஆனால் கூட்டம் என்னவோ அக்கா நிற்கும் பக்கம்தான்.

அவருடைய வீட்டுக்காரர் டிராக்டர் ஓட்டுபவர். அந்த அண்ணன் கைக்குச் சாம்பார் பிரமாதமாக வரும். அதில் அவருக்குக் கொஞ்சம் மிதப்பும் உண்டு. மிதப்பைக் கண்டால் அக்கா சும்மா இருப்பாரா? ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணனின் சாம்பாரை எவர்சில்வர் கிண்ணத்திலும் பக்கத்து வீட்டுச் சாம்பாரைப் பீங்கான் கிண்ணத்திலும் வைத்து, ஒத்திகைக்கு முன்னால் வீட்டுக்குப் போன எங்களிடம் நீட்டினார். எது யாருடையது என்று சொல்லவில்லை. நாங்கள் அத்தனை பேரும் பீங்கானைக் காட்டினோம். அண்ணன் கிண்ணங்களை எடுத்துக்கொண்டு கழுவப் போனார். அடுத்த ஞாயிறு தானே முன்வந்து மறுபடியும் போட்டி வைக்கச் சொன்னார். மறுபடியும் பீங்கான்தான் ஜெயித்தது. பிறகுதான் மெதுவாகச் சொன்னார், இந்த முறை இரண்டு கிண்ணத்திலும் இருந்தது தான் வைத்த சாம்பார்தான் என்று.

எங்களுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. அக்காவோ எழுந்து நின்றுவிட்டார். "அப்ப கிண்ணமும் சேந்துல்ல ஓட்டு வாங்கியிருக்கு" என்று புதையல் கிடைத்தவர் மாதிரி சிரித்தார். கணவர் தன்னை ஏமாற்றிவிட்டார் என்ற வருத்தம் துளியும் இல்லை. அன்று முதல் அவர் வைக்கும் போட்டிகளுக்குச் சட்டம் வந்தது. ஒரே மாதிரிக் கிண்ணம், ஒரே சூடு, ஒரே கரண்டி. கூடவே எங்கள் பாடும் அதிகமானது.

இனி பெட்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். மேடையில் அக்காவின் முன்னால் இருந்த கீபோர்டுக்குச் சொந்தக் குரல் கிடையாது. எந்தக் கட்டையை, எவ்வளவு அழுத்தி, எவ்வளவு நேரம் தொட்டார் என்பதை மட்டும் அது ஒயர் வழியாகச் சொல்லி அனுப்பும். அதைக் கேட்டுச் சத்தம் கொடுப்பது பக்கத்தில் இருந்த ஒரு பெட்டி. சவுண்டு மாட்யூல் என்பார்கள். பியானோ, புல்லாங்குழல், வயலின் கூட்டம், தபேலா எல்லாம் அதற்குள்தான். "கீபோர்டு பக்குவம் சொல்லும், பெட்டி சமைக்கும்" என்று முதல் நாளே எனக்குப் புரியவைத்தார்.

சிங்கப்பூரில் வேலை பார்த்த அவருடைய தம்பி ஒரு பழைய சாமான் கடையில் பிடித்து, கைலிகளுக்கு நடுவில் சுற்றிக் கொண்டுவந்த பெட்டி அது. என்னைவிட வயதில் மூத்தது. சத்தம் கூட்டும் திருகு உடைந்துபோய் அந்த இடத்தில் பற்பசை மூடி ஒட்டியிருக்கும். வாசிக்கும்போது அதன் சின்னத் திரையில் கோடுகள் எழும்பிக் குதிக்கும். மேடையோரம் வந்து நிற்கும் பிள்ளைகள் என் பாட்டை விட்டுவிட்டு அந்தக் கோடுகளையே வேடிக்கை பார்க்கும். எனக்குக் கொஞ்சம் பொறாமையாகத்தான் இருக்கும். சுற்றுப்பட்ட ஊர்களில் அக்காவுக்குப் பெட்டிக்காரம்மா என்றுதான் பெயர்.

குழுவின் முதலாளி மைக் செட் வாடகைக்கு விடுபவர். கெட்ட மனிதர் இல்லை. ஆனால் வேனில் ஒரு ஆள் குறைந்தால் அந்த இடத்தில் ஒரு ஸ்பீக்கர் வைக்கலாமே என்று யோசிக்கிற புத்தி. ஒருநாள் ஒத்திகை நடக்கும் கொட்டகைக்கு ஒரு லேப்டாப்போடு வந்தார்.

"இதுக்குள்ளயே எல்லா வாத்தியமும் இருக்குங்க. பாட்டை ஏத்தி வச்சுட்டா அதுவே வாசிச்சுக்கும். இனிமே பெட்டி தேவையில்ல" என்றார். பிறகு மைக் ஒயரில் இல்லாத சிக்கல் ஒன்றை எடுத்துக்கொண்டே, "அதை வாசிக்கிற ஆளும்..." என்று இழுத்தார்.

"ஆளும் தேவையில்லைங்கறீங்க" என்று அக்கா முடித்துவைத்தார்.

"நான் சொல்லலம்மா. எல்லா ஊர்லயும் இப்ப அப்படித்தான் பண்றாங்க."

ரிதம் பேடு வாசிக்கும் குமாருக்கு வேர்த்துவிட்டது. ஏற்றி வைத்த பாட்டில் தாளமும் சேர்ந்தே வருமே. எனக்குக் கோபம் உச்சிக்கு ஏறியது. "பெட்டி சத்தமும் இதோட சத்தமும் ஒண்ணாங்க? கேட்டுப் பாத்துட்டுச் சொல்லுங்க" என்றேன். முதலாளியும் சண்டையை விரும்பாதவர். "சரி, பெட்டிதான் ஒசத்தின்னு காட்டுங்க. அக்காவும் பெட்டியும் எப்பவும் போல வரட்டும். இல்லாட்டி லேப்டாப்புதான்" என்று முடித்தார்.

அன்று பஸ் நிறுத்தம் வரை அக்கா என்னோடு நடந்து வந்தார். பஸ் வரும் நேரத்தில் சொன்னார். "வாரம் பூரா நின்னுக்கிட்டே இருக்கேன். உக்காந்து ஒரு வேலை பாக்கறேன்னா அது இந்தக் கீபோர்டுக்கு முன்னாலதான். இந்த நாற்காலி போச்சுன்னா எனக்கு வேற நாற்காலி கெடையாதும்மா." அவர் தனக்காக எதையாவது வேண்டுமென்று சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

முதல் போட்டி கொட்டகையிலேயே நடந்தது. போட்டி என்று சொல்வதே அதிகம். லேப்டாப்போடு கூடவே வந்த சாஃப்ட்வேர் அது. வயலின் கொசு மாதிரி ரீங்காரம் போட்டது. புல்லாங்குழல் ஐஸ் வண்டி. அதைவிட, கீபோர்டை அதில் மாட்டிக் கட்டையை அமுக்கினால் சத்தம் உடனே வராது. நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் மாட்டிக்கொண்ட பஸ் போல, வந்து சேரும்போது பாட்டு அடுத்த வரிக்குப் போயிருக்கும். பெட்டியை மாட்டி அதே பாட்டை வாசித்ததும் கொட்டகைக்கே உயிர் வந்தது. முதலாளி காதைச் சொறிந்துகொண்டார். "சரிங்க, பெட்டியே இருக்கட்டும்" என்றார்.

விஷயம் அத்தோடு முடிந்தது. முடிந்த விஷயத்தைக் கிளறியது அக்காதான்.

"இது போட்டியே இல்லீங்க" என்றார். "ஒருத்தனக் குளிப்பாட்டி, மாலை போட்டு நிக்க வச்சிருக்கோம். இன்னொருத்தனத் தூக்கத்துலேந்து எழுப்பிக் கூட்டியாந்து பக்கத்துல நிறுத்துறோம். மாப்பிள்ளை யாருன்னா எல்லாரும் மொத ஆளத்தான் சொல்லுவாங்க. ஒரு வாரம் லேப்டாப்ப எங்கிட்ட குடுங்க."

குமார் தலையில் கைவைத்து உட்கார்ந்தான். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அதை நான் கண்ணால் பார்த்தது அந்த வாரம்தான். தன் போனில் டேட்டா போட்டு, நல்ல வாத்தியச் சத்தங்களாகத் தேடி லேப்டாப்பில் இறக்கினார். சத்தம் தாமதமாக வருவதற்கு என்ன காரணம் என்று மருந்துக்கடைக்கு வருகிற கல்லூரிப் பையன்களிடமெல்லாம் விசாரித்து, ஏதோ ஓர் அமைப்பை மாற்றி, அந்த ரயில்வே கேட்டைத் திறந்துவிட்டார். அதற்குத் தோதான நல்ல கேபிளும் அவர் வாங்கியதுதான்.

"உங்க எதிரிக்கு நீங்களே கத்தி தீட்டிக் குடுக்கறீங்க" என்று நான் கத்தினேன்.

"எதிரியா? கேட்டுப் பாரேன், இந்த வயலின் எவ்வளவு அழகா இருக்கு" என்று ஹெட்போனை என் காதில் மாட்டினார். அழகாகத்தான் இருந்தது. அதைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அது குறுவை அறுவடை நேரம். எங்கள் ஊர் நெல் கொள்முதல் நிலையத்தில் அப்பா நெல்லைக் கொட்டிவிட்டு முறை வரக் காத்துக் கிடந்தார். தாத்தா காலம் வரை அடுத்தவர் வயலில் கூலிக்கு அறுத்த குடும்பம் எங்களுடையது. அப்பா குத்தகைக்கு எடுத்து, தன் பெயரில் நெல் கொண்டுபோகத் தொடங்கியபின், அந்தக் குவியலைச் சுற்றிச் சுற்றி வருவதிலேயே அவருக்கு ஒரு பெருமை. மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்தது. ஈரம் காயாமல் எடை போட முடியாது, காய்வதற்குள் அடுத்த தூறல் வந்துவிடும். களம் முழுக்க நெல் குவியல்கள். ஒவ்வொரு குவியலுக்கும் காவலாக இரண்டு மூன்று பேர். ஞாயிற்றுக்கிழமை மதியம் அப்பாவுக்குச் சாப்பாடு கொண்டுபோனபோது அக்காவும் என்னோடு வந்திருந்தார். களத்தை ஒரு சுற்றுப் பார்த்தார்.

"ஏம்மா, இத்தனை காது இங்க சும்மா உக்காந்திருக்கே."

முதலாளிக்கும் குமாருக்கும் போன் போனது. வேன் வந்தது. எதிர் டீக்கடையிலிருந்து கரண்டுக்கு ஒயர் இழுத்தோம். தகரக் கொட்டகையில் அடுக்கியிருந்த மூட்டைகளுக்குப் பின்னால் கீபோர்டு, பெட்டி, லேப்டாப். வெளியே ஒரே ஒரு ஸ்பீக்கர். எது எப்போது வாசிக்கிறது என்று வெளியே யாருக்கும் தெரியாது. தன் முகமும் தெரியக்கூடாது என்று அக்கா மூட்டைக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டார். "என் மூஞ்சி காட்டிக் குடுத்துடும்." சத்தம் ஒன்றில் கூடவும் ஒன்றில் குறையவும் கூடாது என்று பற்பசை மூடியைத் திருகித் திருகி நேராக்கினார். "சத்தமா இருக்கறதுதான் நல்லாருக்குன்னு காது ஏமாந்துடும். கிண்ணம் மாதிரிதான்." இதெல்லாம் எதற்கு, யாருடைய நாற்காலி போகப்போகிறது என்பதை மட்டும் களத்தில் யாரிடமும் சொல்லக்கூடாது என்று எங்களிடம் சத்தியம் வாங்கினார். பாவம் பார்த்துப் போடும் ஓட்டு அவருக்கு வேண்டாமாம்.

அப்பா மூட்டை தைக்கிற சாக்கு இரண்டைக் கொண்டுவந்து விரித்தார். முதலில் கேட்ட சத்தம் பிடித்தவர்கள் இடது சாக்கில், இரண்டாவது பிடித்தவர்கள் வலது சாக்கில், தங்கள் குவியலிலிருந்து ஆளுக்கு ஒரு பிடி நெல் போட வேண்டும். பேப்பரும் பேனாவும் தேடி யார் அலைவது?

தொடக்கத்திலேயே ஒரு விபத்து. ஆர்வத்தில் அக்கா நாதஸ்வரச் சத்தத்தை எடுத்துவிட்டார். நாயனத்துக்குப் பேர்போன பழைய தஞ்சாவூர் ஜில்லாவில் செய்கிற காரியமா அது? முன்வரிசையில் இருந்த ஒரு பெரியவர், "இது நாயனம் இல்ல தாயி, நாயனத்துக்கு ஜலதோஷம்" என்றார். சரி என்று மற்றதில் வாசித்தார். "இது ஜலதோஷம் விட்டு இருமல்." களமே சிரித்தது. மூட்டைக்குப் பின்னாலிருந்து அக்காவின் சிரிப்புதான் எல்லாவற்றையும்விடப் பெரிதாகக் கேட்டது. "ரெண்டும் பெயிலு. நாயனத்த விட்டுடுவோம்" என்று அறிவித்தார்.

பிறகு எல்லோருக்கும் தெரிந்த சினிமாப் பாட்டுகள். ஒவ்வொன்றையும் இரண்டு தடவை, முதலில் பெட்டியில், அடுத்து லேப்டாப்பில். இரண்டுக்கும் அக்காதான் வாசித்தார், நான்தான் பாடினேன். ஒரு பாட்டின் நடுவில் தூறல் விழுந்தது. அத்தனை பேரும் எழுந்து தார்ப்பாயை இழுக்க ஓடினார்கள். நானும் மைக்கை வைத்துவிட்டு அப்பாவின் குவியலை மூட ஓடினேன். மூடிவிட்டு வந்தபோது வாசிப்பு நடந்துகொண்டிருந்தது. அடுத்த வரியை எடுத்துப் பாடினேன். அதில் யாருக்கும் எந்த விசேஷமும் தெரியவில்லை.

எல்லாப் பாட்டும் முடிந்ததும் ஓட்டு விழுந்தது. இரண்டு சாக்கிலும் நெல் குவிந்த பிறகுதான், எத்தனை பிடி என்று யாருமே எண்ணவில்லை என்பது தெரிந்தது. "அதுக்கென்ன, எடை போட்டுடுவோம்" என்றார் அப்பா. தராசு இருக்கிற இடம், நெல்லும் இருக்கிறது. வேறு வழி யாருக்கும் தோன்றவே இல்லை. மூட்டை தூக்குகிறவர்கள் இரண்டு சாக்கையும் தராசில் ஏற்றினார்கள். இடது சாக்கு நன்றாகவே கனத்தது.

"பெட்டி ஜெயிச்சுடுச்சு" என்று குமார் கத்தினான். நான் மூட்டைகளைத் தாண்டிக் குதித்து அக்காவைக் கட்டிக்கொண்டேன். முதலாளிகூடச் சிரித்தார். அக்கா என்னை விலக்கிவிட்டு வந்து இடது சாக்கில் கையை விட்டார். ஒரு மணியை எடுத்துப் பல்லில் கடித்தார்.

"இது ஈர நெல்லு" என்றார்.

உண்மைதான். மேட்டில் இடம் கிடைக்காமல் முந்தின நாள் மழையில் நெல்லை நனையவிட்டவர்கள் ஒரே ஓரமாக உட்கார்ந்திருந்தார்கள். அந்த ஓரத்தில் ஒருவர் இடது சாக்கில் போட்டதும் மற்றவர்களும் அதிலேயே போட்டுவிட்டார்கள்.

"ஈரத்துக்குக் கழிக்கணும்" என்றார் அக்கா.

ஈரம் இருந்தால் எடையில் கழித்துக்கொள்ளும் அந்தக் களத்தில் யாரும் கேட்க விரும்பாத வார்த்தை அது. நனைந்த ஓரத்திலிருந்து ஓர் அம்மா எழுந்து இடுப்பில் கைவைத்தார். "ஏம்மா, நெல்லுக்குத்தான் ஈரம் ஈரம்னு உயிர வாங்குறாங்க. பாட்டுக்குமா?" சிரிப்பில் களம் அதிர்ந்தது.

கையைத் தூக்கச் சொல்லி எண்ணிவிடலாமே என்றேன். "இவன்தான் எது பெட்டின்னு ஊரைக் கூட்டிச் சொல்லிட்டானே" என்று அக்கா குமாரைப் பார்த்தார். ஈரம் பார்க்கிற கருவியை வைத்திருந்த நிலையத்துத் தம்பி, "ஓட்டுக்கு நான் ஈரம் பாத்ததில்லைக்கா" என்று சொல்லிக்கொண்டே வந்தார். இரண்டு சாக்கிலிருந்தும் நெல் எடுத்துக் கருவியில் போட்டார். சிரிப்பை அடக்கிக்கொண்டு கழித்துச் சொன்னார். பெட்டி தோற்றது. ஏறக்குறைய ஒரு பிடி நெல் வித்தியாசத்தில் லேப்டாப் ஜெயித்தது.

தோற்றதற்கு இப்படிப் பூரித்துப்போன ஆளை நான் பார்த்ததில்லை. அக்கா கொட்டகைக்குள் ஓடி லேப்டாப்பைத் தட்டிக்கொடுத்தார். "நான் சொன்னேன்ல, அந்த வயலின்தான். அந்த வயலின் இழுத்துடுச்சு" என்று என்னிடம் வந்தார். என் முகத்தைப் பார்த்த பிறகுதான் அவருக்கு நாற்காலி நினைவுக்கு வந்தது. "ஓ" என்றார். சேலைத் தலைப்பை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். "சரிதான். சரியாத்தானே அளந்தோம்."

முதலாளி தொண்டையைக் கனைத்தார். "அப்ப வர்ற வெள்ளிக்கிழமை கச்சேரிக்கு..." என்று ஆரம்பித்தார். அதற்குள் அந்த ஈர நெல் அம்மா கேட்டார், "ஏம்ப்பா, இந்த ரெண்டையும் வாசிச்சது யாரு?"

"நாந்தாங்க" என்றார் அக்கா.

"அப்ப அந்த லேப்டாப்பு தானா வாசிக்காதா?"

"வாசிக்கும்மா. அதுக்குத்தானே வாங்குனேன்" என்றார் முதலாளி, கொஞ்சம் பெருமையாக.

"அப்ப அதையும் போடு. இதையும் பக்கத்துல வச்சுப் பாத்துடுவோம்."

அக்காவின் வாயிலிருந்து வரவேண்டிய பேச்சு அது. அவரோ, "வேணாங்க, அதான் முடிஞ்சுடுச்சே" என்றார். போட்டி வேண்டாமென்று அவர் சொல்லி நான் அன்றுதான் கேட்டேன். டீயையும் தேங்காயையும் புருஷனின் சாம்பாரையும் தன் பெட்டியையும் நிறுத்திப் பார்த்தவர், தன்னை நிறுத்திப் பார்த்ததே இல்லை. பயந்திருந்தார். அது முகத்தில் அப்பட்டமாகத் தெரிந்தது.

எனக்கும் பயம்தான். ஆனாலும் மைக்கை எடுத்தேன். முதலாளி ஏற்றி வைத்திருந்த பாட்டைத் தட்டிவிட்டார். அக்கா களத்தில் அப்பாவின் குவியல் பக்கத்தில் போய் நின்றார். பாட்டு பிசகில்லாமல் ஓடியது. எல்லா வாத்தியமும் அதனதன் இடத்தில் வந்தன. குமார் வாடிப்போய் உட்கார்ந்திருந்தான். முதல் சரணம் பாதியில் மறுபடியும் தூறல். எல்லோரும் தார்ப்பாய்க்கு ஓடினார்கள். நானும் ஓடினேன். அக்கா ஏற்கெனவே அப்பாவோடு ஒரு முனையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார். மூடிக் கல் வைத்துவிட்டு நாங்கள் திரும்பியபோது ஸ்பீக்கரில் சத்தமில்லை.

"என்னாச்சு?" என்றார் அந்த அம்மா.

"பாட்டு முடிஞ்சுடுச்சும்மா" என்றார் முதலாளி.

"நாங்க வர்றதுக்குள்ளயா? அதும்பாட்டுக்கு முடிச்சுட்டுப் போயிடுச்சா?" அந்த அம்மா யோசித்தார். "மொதல்ல தூறுனப்ப அப்படி ஆகலியே. நாங்க வர்ற வரைக்கும் அந்த எடத்துலயே சுத்திச் சுத்தி வாசிச்சுக்கிட்டு இருந்துச்சே."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. முதல் தூறலில் நான் விட்டுவிட்டு ஓடிய வரியை, அக்கா அத்தனை நேரமும் அறுந்துபோகாமல் சுழற்றிக்கொண்டே இருந்திருக்கிறார். அன்று மட்டுமா? மேடையில் எனக்கு இருமல் வந்தபோதும், வரி மறந்தபோதும், மணமக்கள் மேடைக்கு வரத் தாமதமானபோதும் அதையேதான் செய்திருக்கிறார். இத்தனை வருஷமாக அவர் மடியில் சாய்ந்துகொண்டு பாடிவிட்டு, நான் நன்றாகப் பாடுகிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறேன். எனக்குக் கண் கலங்கிவிட்டது. சிரிப்பும் வந்தது.

அப்பா அதிகம் பேசுகிறவர் இல்லை. துண்டால் தலையைத் துவட்டிக்கொண்டே சொன்னார். "இத்தனை நாளா நாமதான் இங்க காத்துக் கெடக்கறோம். நமக்காக ஒருத்தங்க காத்திருந்தது இன்னைக்குத்தான்."

சாக்கை உதறி மறுபடியும் விரித்தார்கள். இடது சாக்கு அக்கா வாசித்ததற்கு, வலது சாக்கு தானாக வாசித்ததற்கு. ஒளிவு மறைவு இல்லாத ஓட்டு. ஒவ்வொருவராக எழுந்து வந்து இடது சாக்கில் நெல்லைக் கொட்டினார்கள். பிடி என்ற கணக்கெல்லாம் காற்றில் போயிற்று. அந்த அம்மா முந்தானை நிறைய அள்ளி வந்து கொட்டிவிட்டு, "எவ்வளவு வேணும்னாலும் கழிச்சுக்க" என்றார். வலது சாக்கில் ஒரு மணிகூட விழவில்லை.

முதலாளி ஒயரைச் சுருட்ட ஆரம்பித்தார். சுருட்டி முடித்து அக்காவிடம் வந்தார். "வெள்ளிக்கிழமை வண்டி எத்தனை மணிக்கு அனுப்பட்டும்? பெட்டி வந்தாலும் சரி, லேப்டாப் வந்தாலும் சரி, நீங்க வந்துடுங்க. குமாரையும் கூட்டிட்டு வந்துடுங்க."

"இருங்க, இன்னும் ஒரு ஓட்டு பாக்கி" என்றார் அக்கா.

அத்தனை போட்டிகளிலும் அவர் ஒரு பக்கம் சாய்ந்து நான் பார்த்ததில்லை. அப்பாவிடம், "ஒரு பிடி எடுத்துக்கவாண்ணே?" என்று கேட்டார். அப்பா தார்ப்பாயைத் தூக்கிப் பிடித்தார். அக்கா குனிந்து கையை ஆழமாக விட்டுத் துழாவி, ஒரு பிடி அள்ளினார். எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க நேராக இடது சாக்குக்கு வந்து, தனக்குத்தானே ஓட்டுப் போட்டார். பிறகு தராசுப் பக்கம் நின்ற தம்பியைப் பார்த்துச் சொன்னார்.

"காஞ்ச நெல்லாப் பாத்துத்தான் எடுத்தேன். இதுல யாரும் கழிக்கக் கூடாது."